காமநாயக்கன்பட்டிக் கரிசலில் வீரமாமுனிவர்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் திங்களில் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்காக காமநாயக்கன்பட்டிக்குச் செல்லும் இறைமக்களின் எண்ணிக்கை நாம் அறிந்ததே. கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில், சாத்தூர், விளாத்திகுளம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் நடந்தும் வாகனங்களிலும் வந்து பரலோக மாதாவின் ஆலய முற்றத்தில் கூடுகிறார்கள். விழா முடிந்த மறுவாரம் அதே ஊருக்குச் சென்று பார்த்தால் அது கரிசல் காட்டு விளிம்பில் உள்ள ஒரு சின்னஞ்சிறு கிராமமாக மட்டுமே நமக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை உழுது போட்ட கறுப்பு நிலம். ஆங்காங்கே உடை மரம், ஓடை, வேலிக்கருவேல் புதர். இந்த ஊருக்கும் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு நம் இளையோரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், விடை அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்காது. சென்னைக் கடற்கரையில் 1968 ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்றாக வீரமாமுனிவரை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சிலைக்கு உரியவர் தமது மறைப்பணியைத் தொடங்கியது நமது பாளையங்கோட்டை மறைமாவட்டத்து மண்ணில்தான் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

கரிசல் மண்ணின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்த வரலாறு விளங்காது. மழை பெய்தால் இந்த மண் உப்பிப் பசையாகி, காலையும் வண்டிச் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் ஆள் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் தாங்கி வைத்திருக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆற்றுப் பாசனம் இல்லாமலே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் விளையும். மழை தவறினால் ஒன்றுமில்லை. குடிதண்ணீருக்கு ஊருணியையும் கிணற்றையும் நம்பியிருந்த காலத்தில் ஓர் ஊர் இருப்பதும் கலைவதும் அந்த ஒரே பருவத்தின் கையில் இருந்தது. மக்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள். மதுரை நாயக்கர் ஆட்சியில், இந்தப் பகுதி எட்டையபுரம் பாளையத்துக்கு உட்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் ஏன் தங்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தொடங்கிய மதுரை மறைப்பணித்தளம் கடற்கரையின் போர்த்துக்கீசியக் கோட்டைகளை விட்டு விலகி, உள்நாட்டு மக்களின் உடையிலும் உணவிலும் மொழியிலும் வாழ்ந்து நற்செய்தி அறிவிக்க முனைந்தது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குள் செல்வதற்குக் கரிசல் காடு ஒரு வாசல் போல அமைந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே காமநாயக்கன்பட்டி ஒரு பணித்தளமாகிவிட்டது. பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு பீட்டர் மார்ட்டின் அடிகளார் 1700 ஜூன் 1 ஆம் நாளிட்டு ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதம் காமநாயக்கன்பட்டியிலிருந்து எழுதப்பட்டது. அது பின்னர் பாரிசில் அச்சாகி அங்கே பலராலும் படிக்கப்பட்டது. இராணி மங்கம்மாள் மதுரையில் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆக, கோவில்பட்டி ஒரு நகரமாக வளர்வதற்கு வெகு காலம் முன்பே, இந்தச் சிற்றூரின் பெயர் பாரிஸ் நகர வாசகர்களின் கண்ணில் பட்டிருக்கிறது!

நாம் பேசவிருப்பவர் அப்போது இத்தாலியில் இருபது வயது கூட நிரம்பாத இயேசு சபை மாணவர். கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி 1680 நவம்பர் 8 ஆம் நாள், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தார். புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்த ஊரும் அதுவே. அந்தப் புனிதரின் பிரபுக் குடும்பக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்ப்பிள்ளை இயேசு சபையை நாடியதில் வியப்பில்லை. 1698 இல் சபையில் சேர்ந்தார். ரவென்னாவில் மாணவர்களுக்குக் கற்பித்தார். போலோஞாவில் மெய்யியலும் இறையியலும் பயின்றார். இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளில் தேர்ச்சி பெற்றார். 1709 இல் குருவானார். கீழ்த்திசை மறைப்பணிக்குத் தம்மை அனுப்புமாறு வேண்டிப் பெற்று, லிஸ்பனில் கப்பலேறி, 1710 அக்டோபரில் கோவா வந்து சேர்ந்தார். கோவாவிலிருந்து தெற்கே வந்து, இயேசு சபையினரின் கல்வி நிலையம் இருந்த கேரளத்து அம்பலக்காட்டைக் கண்டு, 1711 இல் தமிழகத்துக்குள் நுழைந்தார். முப்பது வயது. இனி ஒருபோதும் தாய்நாடு திரும்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்நாளில் அநேகமாக எவரும் திரும்பியதில்லை.

அவருடைய முதல் பணித்தளங்களுள் ஒன்று காமநாயக்கன்பட்டி. அக்கால மறைப்பணியாளர் வாழ்க்கையைப் பற்றி மதுரை மறைப்பணித்தளத்தின் மடல்கள் நமக்கு ஓரளவு சொல்கின்றன. காவி உடை. ஒரு வேளைச் சோறு, காய்கறி. புலால் இல்லை, மது இல்லை, ரொட்டி இல்லை. மண்சுவரும் கூரையும் உள்ள வீடு. ஒரு குருவானவரின் பொறுப்பில் பல பாளையங்களில் சிதறிக் கிடந்த எண்ணற்ற கிராமங்கள். எல்லா ஊருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை போய் வருவதே பெரும்பாடு. போகும் வழியில் ஒவ்வொரு பாளையத்துக்கும் சுங்கம், ஒவ்வொரு தலைவனுக்கும் காணிக்கை, இடையில் போர். கோடையில் வெடித்த நிலத்திலும் மழையில் சேற்றிலும் கால்நடையாகப் போக வேண்டும். இத்தாலியின் கார்தா ஏரிக்கு அண்மையில், திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே பிறந்த மனிதருக்கு இந்த மண் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீரமாமுனிவரைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் தேம்பாவணியிலிருந்து தொடங்கிவிடுகிறோம். காப்பியம் எழுதும் அளவுக்குச் செந்தமிழ் கற்ற அந்நியர் என்ற வியப்பு நம்மை விடுவதில்லை. ஆனால் அவர் காதில் நாள்தோறும் விழுந்த முதல் தமிழ், புலவர் தமிழ் அன்று. சம்சாரியும், கிணற்றடியில் நின்ற பெண்களும், மாடு மேய்த்த பிள்ளைகளும், பாவசங்கீர்த்தனத்தில் அழுதுகொண்டே பேசியவர்களும் வழங்கிய தமிழ் அது. பேசுகிறபடி எழுதினால் புலவர்கள் சிரிப்பார்கள்; எழுதுகிறபடி பேசினால் மக்களுக்குப் புரியாது. இந்த இடைவெளியை அவருக்கு முன் வந்தவர்களும் அறிந்திருந்தார்கள். அவரோ அதை ஒரு முறையாக ஆராய்ந்து, பேச்சுத் தமிழுக்குத் தனியாகவும் செந்தமிழுக்குத் தனியாகவும் இலத்தீன் மொழியில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1728 இல் முடிந்தது. செந்தமிழ் இலக்கணம் அதற்கு ஈராண்டு பிந்தியது. பேச்சு வழக்குக்கு இலக்கணம் உண்டு, அதுவும் கற்கத் தகுந்தது என்று ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினைத்ததே பெரிய செய்தி. அதற்கான முதல் பாடம் கரிசல் காட்டிலும் நெல்லைச் சீமையிலும் கிடைத்திருக்கும் என்று கொள்வது நம் ஊர்ப்பற்றினால் மட்டும் சொல்வதாகாது.

1714, 1715 ஆண்டுகளில் அவருடைய வாழ்வு முடிந்துவிடும் போலிருந்தது. நெல்லைச் சீமையின் குருக்கள்பட்டியில் அவர் பிடிக்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, மயிரிழையில் உயிர் தப்பினார். ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இருபது ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. அந்த நினைவு மறைப்பணியாளர் எவருக்கும் மறந்திருக்காது. அன்று அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால், மறைச்சாட்சிகள் பட்டியலில் இன்னொரு பெயர் கூடியிருக்கும். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை எதுவும் இருந்திருக்காது. அவர் எழுதியவை அனைத்தும் இந்த நிகழ்ச்சிக்குப் பிந்தியவை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். சாவின் வாசலிலிருந்து திரும்பி வந்த ஒருவர் எழுதிய நூல்கள் அவை.

அதன் பின் அவருடைய பணி வடக்கே நகர்ந்தது. வடுகர்பட்டி, கோணான்குப்பம், ஏலாக்குறிச்சி ஆகிய ஊர்கள் அவருடைய பெயரோடு இணைந்தன. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவின் பேரில் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். சேலை கட்டிய அன்னையாக அந்தச் சுரூபத்தை மணிலாவிலிருந்து செய்வித்து வரவழைத்தார் என்பது அங்கே தொன்றுதொட்டு வழங்கும் மரபு. தைரியநாதர் என்று தமது பெயரை முதலில் தமிழாக்கிக்கொண்டவர் பின்னர் வீரமாமுனிவர் என்றே அறியப்பட்டார். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதி உடையவர் என்று பொருள்.

தேம்பாவணி 1726 இல் முடிந்தது என்பர். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். பாட்டுடைத் தலைவர் புனித சூசையப்பர். விவிலியத்தில் ஒரு சொல்லும் பேசாத ஒரு தச்சரைக் காப்பியத் தலைவராக்கியதைப் பற்றி நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. அரசரையும் வீரரையும் பாடும் மரபில் அவர் உழைப்பாளி ஒருவரைக் கொண்டு வந்து நிறுத்தினார். ஸ்பெயின் நாட்டுத் துறவி அக்ரேதா மரியா எழுதிய அன்னையின் வரலாறு அவருக்கு மூலமாக அமைந்தது. நாட்டு வருணனை, நகர வருணனை எல்லாம் கம்பர், திருத்தக்கதேவர் வழி. யூதேய நாடு காவிரி நாடு போல வளம் கொழிக்கிறது. கரிசல் நாட்டான் ஒருவன் படித்தால், எங்கள் வெடித்த மண்ணையும் கொஞ்சம் பாடியிருக்கலாமே என்று ஏங்கத்தான் செய்வான். காப்பிய இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை போலும். வேடிக்கையான பொருத்தம் ஒன்று: அதே 1726 ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் அவர் ஊர்க்காரரான அலோசியஸ் கொன்சாகா உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

காப்பியத்தைவிட நம் அன்றாட வாழ்வோடு நெருங்கியது அவர் எழுத்தில் செய்த திருத்தம். பழைய தமிழில் எகர, ஒகரக் குறில்களின் மேல் புள்ளி இட வேண்டும் என்பது இலக்கண விதி. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். விளைவு, எரி என்று எழுதியிருக்கிறதா, ஏரி என்று எழுதியிருக்கிறதா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். தண்ணீருக்காகத் தவம் கிடக்கும் நாட்டில் எரிக்கும் ஏரிக்கும் வேறுபாடு தெரியாமல் போனால் எப்படி! அவர் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். கொம்பின் மேலே சுழித்து இரட்டைச் சுழியாக்கி நெடில் என்று காட்டினார். இன்று நம் பிள்ளைகள் முதல் வகுப்பில் எழுதும் ஏகாரமும் ஓகாரமும் அந்த வழியில் வந்தவை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு நாளும் எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கை இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அகராதியும் அப்படியே. அதற்கு முன் சொற்பொருள் கற்க வேண்டுமென்றால் நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு சொல்லைத் தேடிப் போய்ப் பார்க்க வழியில்லை. 1732 இல் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாய், அகர வரிசையில் சொற்களை அடுக்கியது. மனப்பாடம் செய்ய வாய்ப்பில்லாதவரும் தேடிப் பார்த்துக் கற்கலாம் என்ற நிலை வந்தது. தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் சொன்னது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அடுத்த நூற்றாண்டில் ஜி.யு. போப் தமது ஆங்கிலத் திருக்குறள் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். இன்பத்துப்பாலை வீரமாமுனிவர் தொடவில்லை. துறவிக்கு ஆகாது என்று நினைத்திருக்கலாம். நமக்கு அது இழப்புதான்.

பரமார்த்த குருவின் கதையைப் பற்றி ஒரு சொல். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு அலையும் அந்தக் குருவின் கதையை ஐரோப்பியர் பேச்சுத் தமிழ் கற்பதற்காக எழுதினார். 1822 இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் அச்சிட்டார். தமிழ் உரைநடையில் எழுந்த முதல் நகைச்சுவைக் கதைகளுள் அது ஒன்று. இந்து மடங்களைக் கேலி செய்ய எழுதினார் என்று சிலர் குறை கூறுவது உண்டு. அப்படி ஒரு நோக்கம் சிறிதும் இல்லை என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதையைப் படித்துச் சிரித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குரு எந்தச் சமயத்துக் குருவாகவும் இருந்திருக்கலாம், நம் சமயக் குருவாகவும்!

இனி, நம் ஊர்களுக்கு நேரடியாக உரிய நூலுக்கு வருவோம். 1727 இல் அவர் வேதியர் ஒழுக்கம் எழுதினார். வேதியர் என்று அவர் குறிப்பிட்டது நாம் உபதேசியார் என்று அழைக்கும் திருத்தொண்டர்களை. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் ஊரில், மீதி நாட்களில் திருச்சபை என்பது உபதேசியாரே. அவர்தான் ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிணக்குகளைத் தீர்த்தார். இறந்தவரை அடக்கம் செய்தார். மந்தையில் இருந்து ஒருவர் விலகிப் போனால் வீடு தேடிப் போய்ப் பேசினார். கரிசல் காட்டில் அடுத்த ஊர் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். நடந்தால் வந்து சேராது. அந்தத் தூரத்தை நடந்து கடந்தவர்கள் இவர்கள். இவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வீரமாமுனிவர் அவர்களுக்காக ஒரு நூலையே எழுதி, அவர்கள் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை எளிய உரைநடையில் விரித்தார். கல்வியறிவு மிகுந்த ஒருவர் தமது காப்பியத்தை முடித்த கையோடு செய்த வேலை அது. எங்களைக் கேட்டால், தேம்பாவணிக்கு ஒரு விழா எடுப்பவர்கள் வேதியர் ஒழுக்கத்துக்கும் ஒன்று எடுக்க வேண்டும் என்போம். இன்று நம் கிளைப் பங்குகளில் உபதேசியார் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. சம்பளம் குறைவு, மதிப்பும் குறைந்துவிட்டது. இளைஞர்கள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊர்களில் மாலைச் செபத்துக்கு மணி அடிக்க ஒரு மூதாட்டி மட்டும் இருப்பதை நாம் காண்கிறோம்.

அவருடைய வாழ்வில் நாம் எளிதாகக் கடந்து போக முடியாத பக்கங்களும் உண்டு. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீர்திருத்தத் திருச்சபையாரோடு அவர் நடத்திய எழுத்துப் போர் கடுமையானது. வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்கள் அதில் பிறந்தவை. அவர்களும் சளைக்காமல் பதில் எழுதினார்கள். இன்று ஒன்றிப்பு வாரத்தில் ஒரே மேடையில் செபிக்கும் நமக்கு அந்தச் சொற்கள் உறுத்தும். அதே தரங்கம்பாடி அச்சகத்தார்தான் 1738 இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டார்கள். எதிரியின் நூல் என்று தெரிந்தும், நல்ல நூல் என்று மதித்து அச்சேற்றிய அவர்களின் பெருந்தன்மையை நாம் மறக்கலாகாது. அச்சு அவர்களிடம் இருந்தது. அவரிடம் ஓலை மட்டுமே இருந்தது.

இரண்டாவது, சாதி. மதுரை மறைப்பணித்தளம் தொடக்கத்திலிருந்தே சாதி வேறுபாட்டுக்கு உட்பட்டுத்தான் நடந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர்க்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்க்குப் பண்டார சுவாமிகள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஆலயத்தில் தனி இடம், சில ஊர்களில் தனி ஆலயம். 1704 இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, நோயுற்ற தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைக்குள் குருக்கள் நுழைய மறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னது. அதன் மீதான விவாதம் 1744 இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொல்லும் வரை நீடித்தது. வீரமாமுனிவரின் தமிழகப் பணிக்காலம் பெரும்பாலும் இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்குகிறது. சூசையப்பர் என்ற உழைப்பாளியைக் காப்பியத் தலைவராக்கியவர், ஆலயத்தில் உழைப்பாளிகளைப் பிரித்து வைத்த சுவரை இடித்ததாக வரலாறு இல்லை. காலத்தின் கட்டாயம் என்று சொல்லி அவரைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் நம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் இரண்டு பகுதிகள் உள்ள ஊர்கள் இருக்கும்போது, அந்தச் சாக்கை நாம் அவருக்குச் சொல்வது நமக்கும் சேர்த்துச் சொல்வதாகிவிடும்.

அவரைப் பற்றி மக்களிடையே உலவும் கதைகளில் எல்லாமே உண்மை அல்ல. 1816 ஆம் ஆண்டளவில் சென்னையில் எல்லிஸ் துரையின் விருப்பத்தால் வீரமாமுனிவரின் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தெற்கே புறப்பட்ட முத்துசாமிப் பிள்ளை, ஊர் ஊராக விசாரித்து 1822 இல் அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார். பல்லக்கு, புலித்தோல் ஆசனம், காதில் குண்டலம், திருச்சியில் சந்தா சாகிபின் திவான் பதவி, அவர் கொடுத்த நான்கு ஊர்கள் எல்லாம் அந்த நூலின் வழியாகப் பரவியவை. சந்தா சாகிபை அவர் சந்தித்ததும், அதற்காகப் பாரசீகம், உருது கற்றதும் நடந்திருக்கக் கூடும். திவான் பதவியைப் பிற்கால இயேசு சபை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும், முத்துசாமிப் பிள்ளைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் கேட்பாரற்றுக் கிடந்த ஏடுகள் அவரைப் போன்றவர்களால்தான் வெளியே வந்தன. அதுவரை அவற்றைக் காத்தவர்கள், வீட்டுப் பரணில் ஓலைக்கட்டை வைத்து, தவக்காலத்தில் எடுத்து வாசித்த கிராமத்துக் கிறிஸ்தவர்கள். சதுரகராதி 1824 இல் சென்னையில் அச்சாயிற்று. தேம்பாவணி அச்சில் வர அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதி ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பின்!

மதுரை நாயக்கர் ஆட்சி 1736 இல் சந்தா சாகிபின் கையில் முடிந்தது. 1741 இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறையெடுத்துச் சென்றார்கள். அந்தக் குழப்பத்தில் உள்நாட்டுப் பணித்தளங்கள் சிதறின. அறுபது வயதைக் கடந்த வீரமாமுனிவர் தெற்கே முத்துக்குளித்துறைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் மொழி பயின்ற கரிசல் காடு அங்கிருந்து இரண்டு மூன்று நாள் நடை தூரம்தான். பழைய நூல்கள் அவர் மணப்பாட்டில் இறந்தார் என்று எழுதின. இயேசு சபையின் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அவர் கேரளத்து அம்பலக்காட்டுக்குச் சென்று 1747 பிப்ரவரி 4 ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார் என்று கண்டார்கள். புனித அருளானந்தர் ஓரியூரில் உயிர் விட்டதும் பிப்ரவரி 4 ஆம் நாள்தான். திருச்சபை நாட்காட்டியில் அன்று அருளானந்தரின் திருவிழா என்பதால், அதே நாளில் காமநாயக்கன்பட்டியின் பழைய சுவாமியாருக்காகவும் ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்ள நம் பங்குகளுக்கு வசதியாக இருக்கிறது.

அம்பலக்காட்டில்தான் 1679 இல் அன்டாவ் தெ ப்ரொயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சாகியிருந்தது. தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கிய பழைய முயற்சி அது. சதுரகராதியைத் தொகுத்தவர் தமது கடைசி நாட்களைக் கழித்ததும் அந்த ஊரிலேயே. வயது 66. அவற்றில் 36 ஆண்டுகள் நம் நாட்டில்.